தரங்கம்பாடி லுத்தரன் குருமாரின் கல்வியும் பணியும்

தமிழ் அச்சுநூல் வரலாறும் அகராதி வரலாறும் எழுதப் புகுந்தோர் தரங்கம்பாடிச் சீகன்பால்கு ஐயரைத் தவறாது குறிப்பர். அச்சகம் நிறுவியவர், விவிலியத்தின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து அச்சேற்றியவர், இலத்தீன் மொழியில் தமிழிலக்கணம் எழுதி 1716-இல் ஹாலே நகரில் வெளியிட்டவர் என்னும் செய்திகள் நம் மாணவர் நன்கறிந்தவை. (தமிழெழுத்து முதன்முதலாக இந்நாட்டில் அச்சேறியது அவர்க்கு முன்னரே, 1578-இல், கொல்லத்தில் என்பதை ஈண்டு மறத்தலாகாது.) ஆயின் அவர் தம்மை அச்சாளராகவோ இலக்கணியாகவோ எண்ணினாரல்லர். தாம் ஒரு குரு என்பதே அவர் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த கருத்து. குருவாவதற்குத் தாம் கற்றது யாது, எங்கே கற்றார், கற்றது பணிக்குப் போதியதாக இருந்ததா என்னும் வினாக்கள் அவர் மடல்களில் அடுத்தடுத்து எழுகின்றன. அவற்றையும், அவர்க்குப் பின் அதே பணியில் நின்ற சிலர் வாழ்க்கையையும் ஒருங்கு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். சமய வரலாறு எழுதுதல் நம் கருத்தன்று. தமிழ்ப் புலமைக்கும் இக்குருமார் கல்விக்கும் இடையே இருந்த உறவும் பூசலும் தமிழாராய்வார் அறிய வேண்டுவன என்பதனாலேயே இதனை எடுத்துக்கொண்டோம்.

நமக்குக் கிடைக்கும் சான்றுகளைப் பற்றி ஒரு சொல். தரங்கம்பாடியிலிருந்து சென்ற மடல்களும் நாட்குறிப்புகளும் 1710 முதல் ஹாலேயில் தொகுதி தொகுதியாக அச்சிடப்பெற்றன. அவை 'ஹாலே அறிக்கைகள்' எனப் பெயர்பெறும். அவற்றைப் பதிப்பித்த பேராசிரியர் பிராங்கே, பொருளுதவி செய்வார் மனம் நோகாவண்ணம் ஆங்காங்குக் குறைத்தும் திருத்தியும் வெளியிட்டார். ஆதலின் அச்சில் காண்பதனைக் கொண்டே ஐயரின் உள்ளத்தை முற்றும் அளந்துவிடலாம் என்று கருதுதல் பொருந்தாது.

பார்த்தலோமேயு சீகன்பால்கு 1682-இல் சாக்சனி நாட்டுப் புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். உடல்நலம் என்றும் அவர்க்கு வாய்த்ததில்லை. அக்காலத்து லுத்தரன் திருச்சபையில் குருமார் கல்வியைப் பற்றிப் பெரியதொரு விவாதம் நிகழ்ந்துகொண்டிருந்தது. பல்கலைக்கழகங்களில் குருவாக வருவோர் கோட்பாட்டுச் சொற்போரில் வல்லவராயினரேயன்றி, மக்களோடு நின்று அவர்தம் துயர்க்கு ஆறுதல் சொல்ல அறியாதவராயினர் என்பது ஸ்பேனர் என்பார் 1675-இல் எழுதிய நூலின் முறையீடு. நூலறிவோடு வாழ்க்கைத் தூய்மையும் பயிற்றுதல் வேண்டும் என்றார் அவர். அக்கருத்தைக் கல்விநெறியாக்கியது 1694-இல் தோன்றிய ஹாலே பல்கலைக்கழகமும், அதன் அருகே பிராங்கே எழுப்பிய ஆதரவற்றோர் இல்லமும் பள்ளிகளுமாம். சீகன்பால்கு 1703-இல் அங்குச் சென்றார். நோய் அவரை நெடுநாள் தங்க விடவில்லை. கல்வி முற்றுப்பெறாமலே வெளியேறி, சிறுவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியராக ஊர் ஊராக அலைந்தார். டேனிஷ் அரசர் நான்காம் பிரெடரிக் தம் ஆட்சிக்குட்பட்ட தரங்கம்பாடிக்குச் சமயத் தூதுவரைத் தேடியபோது, சீகன்பால்கும் புளுட்சோவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கோபன்ஹேகனில் பேராயர் போர்னெமான் நடத்திய முதல் தேர்வில் இருவரும் தேறவில்லை. அரசர் ஆணையால் மீண்டும் தேர்வு நடந்தது. அதன்பின்னரே 1705 நவம்பரில் குருப்பட்டம் பெற்றனர். தமிழிலக்கியத்தைப் பிறநாட்டார்க்கு முதன்முதல் விரிவாக எடுத்துரைத்த ஒருவர் தம் நாட்டுச் சமயத்தேர்வில் தவறியவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1706 சூலை 9-ஆம் நாள் அவர் தரங்கம்பாடியில் இறங்கினார். அன்று முதல் ஐயரின் இரண்டாம் கல்வி தொடங்குகின்றது. அதுவே முதற்கல்வி என்பது நம் துணிபு. முதிய கணக்காயர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்துமாறு வேண்டி, சிறுவரோடு சிறுவராய்த் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துப் பயின்றார். வயது அப்போது இருபத்து நான்கு. கணக்காயர்க்குப் போர்த்துகீசியம் தெரியாது. மாணவர்க்குத் தமிழ் தெரியாது. ஆதலின் ஐரோப்பிய மொழிகள் சில அறிந்திருந்த அழகப்பன் என்பவர் மொழிபெயர்ப்பாளராக அமர்த்தப்பெற்றார். இரண்டு மூன்று ஆண்டுகளுள் ஐயர் மேற்கொண்ட நாள்முறை அவர் மடல் ஒன்றால் அறியக்கிடக்கின்றது. காலை ஏழு மணி முதல் எட்டு வரை முன்னர்க் கற்ற சொற்களையும் தொடர்களையும் மீட்டும் ஓதுவார். எட்டு முதல் நண்பகல் வரை முன் படித்திராத தமிழ் நூல்களையே படிப்பார். முதிய புலவர் ஒருவர் அருகிருந்து செய்யுட்களுக்குப் பொருள் கூறுவார். எழுத்தர் ஒருவர் புதிய சொற்களைக் குறித்துக்கொள்வார். பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை மீண்டும் படிப்பு. இரவில் கண்ணுக்கு ஓய்வு வேண்டிப் பிறர் ஒருவர் படிக்கத் தாம் கேட்பார். பேச்சு நடையைப் பின்பற்றத்தக்க நூல்களையே இரவுக்குத் தேர்ந்தார் என்பதனால், இக்கல்வி முழுவதும் பிரசங்கத்தை நோக்கியே அமைந்தது என்பது தெளிவு. புலமைக்காகப் புலமை தேடினாரல்லர் அவர். எனினும், நாள்தோறும் எட்டு மணி நேரம் வரை ஓலைச்சுவடியோடு உறவாடும் ஒருவர் உள்ளம் தொடக்கத்தில் கொண்ட நோக்கத்தோடு மட்டும் நின்றுவிடாது. சுவடி தன் வேலையைச் செய்தே தீரும்.

அவ்வேலையின் பயன் 1708-இல் அவர் வகுத்த நூற்பட்டியில் காணப்படுகின்றது. 'பிப்ளியோதேக்கா மலபாரிக்கா' என்னும் அப்பட்டியில் கிறித்தவர் அல்லாத தமிழர் இயற்றிய நூல்கள் 119 குறிக்கப்பட்டுள்ளன. வெறும் பெயர்ப்பட்டியன்று அது. நூல் எப்பொருளது, யார்க்குப் பயன்படுவது, மக்களிடை எவ்வளவு வழங்குவது என்பனவற்றையும் தாம் அறிந்த அளவில் எழுதுகின்றார். சுவடிகளைத் தேடி எழுத்தர்களை உள்நாட்டுக்கு அனுப்பியதனையும், கணவரை இழந்த பார்ப்பன மகளிரிடமிருந்து அவர்கள் ஏடுகளை விலைக்கு வாங்கி வந்ததனையும் அவரே கூறுகின்றார். யாரும் படிப்பாரற்று வீட்டு மூலையில் கிடந்த ஏடுகள் அவை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரிக் கழிமுகத்து ஊர்களில் எந்நூல்கள் பயிலப்பெற்றன என்பதற்கு இதனினும் நெருங்கிய சான்று வேறு கிடைத்தல் அரிது. வில் ஸ்வீட்மனும் இலக்குவனும் 2012-இல் புதுச்சேரியிலிருந்து வெளியிட்ட ஆராய்ச்சிப் பதிப்பு இப்பட்டியின் மதிப்பைப் பின்னும் விளக்குகின்றது. அதே 1708-இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி என்னும் மூன்றனையும் ஐயர் செர்மன் மொழியில் பெயர்த்தார். அவை அச்சேறியது கலாண்டு என்னும் டச்சு அறிஞர் முயற்சியால் 1930-இல்தான்.

ஐயரின் தற்சிந்தனையில் நாம் சிறப்பாகக் கருதுவது ஓர் ஒப்புதலை. ஐரோப்பியர் தமிழரை நாகரிகமற்றவர் என எண்ணுதல் தமிழறியாமையின் விளைவு என்றும், தாமும் வந்த புதிதில் இம்மொழிக்கு ஒழுங்கான இலக்கணமில்லை, இம்மக்கட்கு முறையான வாழ்வில்லை என்றே எண்ணியிருந்ததாகவும், மொழி பயின்று நூல்களைக் கற்றபின் அவ்வெண்ணம் நீங்கியதாகவும் அவர் எழுதியுள்ளார். தம் பிழையைத் தாமே எடுத்துரைத்த இக்கூற்று எளிதன்று. ஆயினும் இதனை மிகைப்படுத்திப் போற்றுவாரோடு நாம் உடன்படோம். அவர் 1711-இல் எழுதிய பெருநூலின் தலைப்பே தமிழர் சமயத்தைப் 'புறச்சமயம்' என்று ஒதுக்கும் சொல்லைத் தாங்கியுள்ளது. மறுத்தற்காகவே கற்றார், கற்றபின் மதித்தார், மதித்தபின்னும் மறுத்தார். இம்மூன்றும் ஒருவர் உள்ளத்தில் ஒருங்கே இருந்தன.

அவரை அனுப்பியவர்களோ கற்றதனையே ஐயுற்றனர். தென்னிந்தியத் தெய்வங்களின் மரபினை விளக்கி 1713-இல் அவர் எழுதியனுப்பிய நூலைப் பிராங்கே அச்சிடவில்லை. தூதுவர் அனுப்பப்பட்டது புறச்சமயத்தைக் களைதற்கேயன்றி அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புதற்கன்று என்பது ஹாலேயின் மறுமொழியாயிற்று. கையெழுத்துப்படி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் உறங்கியது. கெர்மன் என்னும் லுத்தரன் குரு 1867-இல் சென்னையில் அதனை அச்சேற்றினார். கோபன்ஹேகனிலிருந்தோ வேறொரு கண்டனம் வந்தது. அங்கு 1714-இல் அமைந்த மிஷன் குழுவின் செயலாளர் வெண்ட், தூதுவர் அப்போஸ்தலரைப் போல வெறுங்கையராய்த் திரிந்து போதித்தலே முறை, கோயிலும் பள்ளியும் கட்டுதல் வீண் என்று கடிந்தெழுதினார். இவ்வாறு ஓரிடத்தில் 'மிகுதியாகக் கற்றாய்' என்றும், ஓரிடத்தில் 'மிகுதியாகக் கட்டினாய்' என்றும் பழிக்கப்பெற்றவர், உடல் நலிந்து, 1719 பிப்ரவரி 23-ஆம் நாள் தம் முப்பத்தாறாம் வயதில் மறைந்தார். முந்திய ஆண்டில் தாம் கட்டி முடித்த புதிய எருசலேம் கோயிலிலேயே அடக்கம் செய்யப்பெற்றார். உடன் பணியாற்றிய கிரண்ட்லர் அடுத்த ஆண்டே இறந்தார்.

வெண்ட் வெறுத்தவற்றுள் ஒன்றே நம் கட்டுரைக்கு உயிர்நிலை. ஐரோப்பாவுக்குச் சென்று 1716-இல் திரும்பிய சீகன்பால்கு, அவ்வாண்டிலேயே தமிழ் இளைஞரை உபதேசியாராகவும் ஆசிரியராகவும் பயிற்றுதற்கு ஒரு பள்ளியை எட்டு மாணவரோடு தொடங்கினார். இதற்கு அருள்நோக்கம் மட்டுமன்றி அரசியற் காரணமும் உண்டு. தரங்கம்பாடிக் கோட்டைக்கும் அதனைச் சூழ்ந்த சில ஊர்கட்கும் அப்பால் தஞ்சை மராத்திய அரசரின் நாடு. அங்கு ஐரோப்பியர் விரும்பியவாறு செல்ல இயலாது. தமிழர் ஒருவர் செல்லலாம். எனவே ஓர் எல்லைக்கப்பால் இச்சபை தமிழரின் நடையாலும் நாவாலுமே வளர்ந்தது. வரலாற்று நூல்கள் ஐரோப்பியர் பெயரால் அதிகாரம் வகுப்பதனால் இவ்வுண்மை மறைந்துபோகின்றது.

அவ்வாறு வளர்ந்தவருள் முதல்வர் ஆரோன். கடலூர் வணிகர் குடியில் பிறந்தவர், இயற்பெயர் ஆறுமுகம். 1718-இல் சீகன்பால்கு கையால் ஞானஸ்நானம் பெற்றார். பின்னர்ப் பதினைந்து ஆண்டுகள் உபதேசியாராக உழைத்து, 1733 திசம்பர் 28-ஆம் நாள் புதிய எருசலேம் கோயிலில் குருப்பட்டம் பெற்றார். புராட்டஸ்டண்டு திருச்சபையில் குருவான முதல் இந்தியர் இவரே. ஐரோப்பாவில் இரண்டாண்டு நிரம்பாத பல்கலைக்கழகக் கல்வியோடு ஒருவர் இருபத்து மூன்றாம் வயதில் குருவாக, இங்குப் பதினைந்து ஆண்டு பணியாற்றிய பின்னரே ஒருவர்க்கு அத்தகுதி உண்டெனத் துணிந்தனர் என்பதை ஒப்பிட்டு நோக்குக. மாயவரத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் பொறுப்பேற்று, நடந்தே சுற்றி, 1745-இல் ஆரோன் இறந்தார். அவர் எழுதிய நூலென ஒன்றும் நம்மிடம் இல்லை. ஆனால் திருமுழுக்கும் திருவிருந்தும் தமிழர் ஒருவர் கையால் தமிழர்க்கு வழங்கப்பெற்றமை சிறிய செய்தியன்று. (அச்சபையின் தரங்கம்பாடிப் பேராயர் பொறுப்புத் தமிழர் ஒருவர்க்கு வாய்க்க 1956 வரை காத்திருக்க நேர்ந்தது.)

ஆரோனை அடுத்துக் குருவாகத்தக்கவர் யார் என்னும் வினா 1741-இல் எழுந்தது. அப்போது நிகழ்ந்தது இப்பணியின் வரலாற்றில் மிக வருந்தத்தக்கது. தஞ்சை அரசரின் படையில் வீரராக இருந்த ராஜநாயக்கன் என்பவர் பறையர் குலத்தவர். கத்தோலிக்கக் குடும்பத்தில் தோன்றியவர். தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி நூல்கள் நான்கும் அப்போஸ்தலர் நடபடிகளும் அடங்கிய புத்தகம் தற்செயலாக அவர் கைக்கு எட்டியது. அதனைத் தாமே படித்து, தாமே தரங்கம்பாடியாரைத் தேடி வந்தவர் அவர். தஞ்சையில் உபதேசியாராக அமர்ந்து, எதிர்ப்பும் அடியும் பொறுத்து, பலரைச் சபைக்குக் கொணர்ந்தார். பயிற்சியாலும் உழைப்பாலும் அவர்க்கு மேற்பட்டவர் அன்று இருந்தாரெனக் கூறுதல் அரிது. எனினும் வேளாளக் கிறித்தவர் அவர் கையால் திருவிருந்து பெறார் என்ற அச்சத்தால் அவர் விலக்கப்பட்டு, தியோகு என்பவர் குருவாக்கப்பட்டார். தியோகுவின் தகுதியைக் குறைத்துரைப்பது நம் கருத்தன்று. நாற்பதாண்டு அவர் செம்மையாகப் பணியாற்றினார். ஆயின் எழுத்தறிவு, இறையறிவு, துணிவு, தொண்டு எனக் குருவுக்கு வேண்டுவனவாக ஸ்பேனரும் பிராங்கேயும் வகுத்த இலக்கணங்கள் அனைத்தும் ஒருவரிடம் நிறைந்திருந்தும், அவ்விலக்கணத்தில் எழுதப்படாத ஒன்று தீர்ப்புக் கூறியது. ராஜநாயக்கன் முப்பதாண்டு பின்னும் உபதேசியாராகவே இருந்து 1771-இல் மறைந்தார்.

இனித் தமிழ்நடை பற்றிய பூசலுக்கு வருவோம். சீகன்பால்கின் மொழிபெயர்ப்புத் தமிழை வீரமாமுனிவர் எள்ளி நகையாடினார் என்பது தமிழறிஞர்க்குப் புதிதன்று. வேதவிளக்கம், லுத்தேரினத்தியல்பு என்னும் அவர்தம் உரைநடை நூல்களில் கோட்பாட்டு மறுப்போடு மொழிப்பழிப்பும் கலந்துள்ளது. சமயப் பகை காரணமாகச் சொன்னது என்று அதனை ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. வேறொருவர் சொல்லத் தயங்கிய உண்மையைப் பகைவர் சொல்லுவதுண்டு. சீகன்பால்கு பேச்சு வழக்கையும் சுவடி வழக்கையும் இணைக்க முயன்று, பலவிடங்களில் இரண்டினும் சேராத ஒரு நடையில் சிக்கினார் என்பதே நம் கருத்து. வந்து ஐந்தாண்டு நிரம்புமுன்னரே புதிய ஏற்பாட்டை எழுதி முடித்தவர்க்கு அது வியப்பன்று.

அக்குறையைத் தீர்த்தவர் பப்ரிசியுஸ் ஐயர். கீசென் நகரில் சட்டமும் ஹாலேயில் இறையியலும் பயின்று 1740-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1742 முதல் சென்னை வேப்பேரியில் பணி. பிரெஞ்சுக்காரர் 1746-இல் சென்னையைக் கைப்பற்றியபோது பழவேற்காட்டுக்கு ஓடினார். லாலி முற்றுகையிட்டபோது மீண்டும் ஓடினார். இவ்வலைச்சலுக்கிடையே புதிய ஏற்பாட்டை 1772-இல் வெளியிட்டார். பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பும் அவரதே. 1779-இல் வெளிவந்த தமிழ்-ஆங்கில அகராதி, உடன் பணியாளர் பிரைத்தௌப்டு துணையோடு அவர் தொகுத்தது. பிற்காலத்து அகராதியாளர் அதனைப் பெரிதும் பயன்கொண்டனர். அவருடைய விவிலியத் தமிழை லுத்தரன் சபையார் தலைமுறை தலைமுறையாகக் கைவிடாது போற்றினர்.

அத்தகையவரின் முதுமை துயரமானது. பிறர் நம்பிக் கொடுத்த பணத்தைப் பெற்று வட்டிக்குக் கொடுத்து வைத்தார். கடன் வாங்கியோர் கைவிரித்தனர். கடனாளியாகச் சிறையும் புகுந்தார். பணியிலிருந்து விலகி 1791-இல் இறந்தார். எபிரேயமும் கிரேக்கமும் கற்பித்த கல்வி, ஒரு முறிச்சீட்டை ஆராய்ந்து வாங்கக் கற்பிக்கவில்லை. சபையின் ஏழைகள், கைம்பெண்கள், அநாதைகள் ஆகியோர் பணமும் வேலையாட்கள் கூலியும் குருவின் கையாலேயே நடந்த அக்காலத்தில் இது சிறு குறையன்று. அவர் வாழ்க்கையை எழுதியவர் இப்பகுதியை விரைந்து கடத்தல் இயல்பே. எனினும் ஒரு சொல்லின் நுண்பொருளுக்குப் பல்லாண்டு காத்திருந்தவர் ஒரு கையெழுத்தை உடனே நம்பினார் என்பதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை.

குருமார் கல்வி பற்றிய விவாதம் மீண்டும் முனைப்பாக எழுந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில். திரெஸ்தன் நகரில் 1836-இல் தோன்றிய லுத்தரன் மிஷனுக்கு 1844-இல் தலைவரானவர் கார்ல் கிரவுல். தூதுவரைத் தனிப்பள்ளியில் அடைத்து அளவான கல்வி கொடுத்தனுப்புதல் போதாது. பல்கலைக்கழகத்தில் முழுக்கல்வி பெற்றோரே தமிழர் போன்ற பழம்பெரும் இலக்கியமுடைய மக்களிடம் செல்லத்தக்கவர் என்பது அவர் கொள்கை. அதற்காகவே 1848-இல் மிஷனைப் பல்கலைக்கழக நகரமாகிய லைப்சிக்குக்கு மாற்றினார். பிறர்க்கு விதித்ததைத் தாமும் செய்தார். 1849-இல் புறப்பட்டு இந்நாட்டில் தங்கித் தமிழ் பயின்று 1853-இல் திரும்பி, 'பிப்ளியோதேக்கா தமுலிக்கா' என்னும் வரிசையை வெளியிடத் தொடங்கினார். கைவல்லியநவநீதமும் திருக்குறளும் அவ்வரிசையில் இடம்பெற்றன. குறளின் செர்மன் பெயர்ப்பு 1856-இல் வந்தது. சீகன்பால்குக்கு ஹாலே மறுத்த இசைவை, நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் ஒரு லுத்தரன் மிஷனின் தலைவரே கல்விமுறையின் அடிப்படையாக்கினார் என்பது பெருமாற்றம்.

ஆனால் ராஜநாயக்கன் காலத்து வினாவுக்குக் கிரவுல் கூறிய விடை வேறு. சாதி வேற்றுமை சமயஞ் சார்ந்ததன்று, உலகியல் வழக்கே; அதனை வலிந்து அறுத்தல் கூடாது, நாளடைவில் தானே தேய விடுதல் வேண்டும் என்று 1851-இல் சென்னையில் அச்சிட்ட விளக்கவுரையில் வாதித்தார். உடன்படாத தூதுவர் சிலர் அவரோடு மாறுபட்டனர். ஓக்ஸ் என்பவர் லைப்சிக்கு மிஷனை விட்டே விலகினார். தமிழர் நூல்களை ஆழக் கற்றமையால் தமிழர் வழக்கங்களை மதித்தார் கிரவுல் என்று அவர்க்காகப் பேசுவோர் உளர். யார் நூல்கள், யார் வழக்கங்கள் என்று அவர்களை நாம் வினவல் தகும்.

1860-இல் தலைமைப் பொறுப்பைத் துறந்த அவர், 1864-இல் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில், கிறித்தவத் தூதுப்பணி பற்றிய ஆராய்ச்சிக்குப் பல்கலைக்கழகக் கலைகளிடையே உரிய இடம் யாது என்பது குறித்து உரையாற்றினார். அவ்வாண்டு நவம்பரில் இறந்தார். மூலமும் எளிய தமிழுரையும் இலத்தீன் பெயர்ப்பும் கொண்ட அவர்தம் குறட்பதிப்பு 1865-இல் வெளிவந்தது. எல்லா உயிர்க்கும் பிறப்பு ஒத்ததே எனக் கூறும் 972-ஆம் குறள் அவர் பெயர்த்தவற்றுள் ஒன்று.